கதவில்லாத ஃப்ரிட்ஜ்

மின்சாரம் இல்லாத மலையில் குடியேறிய தம்பதி, பழக்க தோஷத்தில் ஃப்ரிட்ஜையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே கதவு கழன்று பள்ளத்தில் விழுந்தது. மிச்சத்தை ஆட்டுக் கொட்டகையில் போட்டார்கள். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைக்கோலை இழுத்துப் போட்டு ஒரு கோழி முட்டைகள் இட்டது.

“முட்டைக்கு இடம் கதவுல, தங்கச்சி. இது காய்கறித் தட்டு,” என்றது ஃப்ரிட்ஜ்.

“கதவுதான் பள்ளத்துல கிடக்கே அண்ணே,” என்று கோழி அடைகாக்க உட்கார்ந்தது.

“ஐயையோ, எந்திரி! சூடு பட்டா போச்சு. என்கிட்ட வச்ச பொருள் இதுவரைக்கும் கெட்டதே இல்லை. என் பேரைக் கெடுத்துடாதே!”

கோழி அசையவில்லை. ஃப்ரிட்ஜ் தினமும் புலம்பியது.

ஒருநாள் காலையில் முட்டைகள் விரிசல் விட்டன. குஞ்சுகள் ஈரத் தலையை நீட்டிக் கீச்சிட்டன.

ஃப்ரிட்ஜுக்கு அழுகையே வந்துவிட்டது. “அப்பவே சொன்னேன், கேட்டியா? பாரு, ஒண்ணு விடாம எல்லாம் கெட்டுப்போச்சு!”