பத்தடி தூரத்து ராக்

“மேடைக்கும் எனக்கும் பத்தடிதான். மழை கொட்டுது, ஒருத்தரும் நகரல” என்றார் லெஸ்டர் வோய்சிக். அவரது வலது கைக் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“எழுபத்தொன்பதுலயா?” என்று கேட்டாள் மகள் கெண்ட்ரா.

“எழுபத்தொன்பது ஜூலை, ஏரிக்கரையில. ‘காப்பர் மைல்’ குழுவோட கிட்டார்காரர் நாலு நிமிஷம் தனியா வாசிச்சார். கீழ நின்ன நாங்க மூச்சே விடல.”

“விரல்ல என்னப்பா?”

“பழைய பழக்கம். கிட்டாரைத் தொட்டா இப்படித்தான்.”

கெண்ட்ராவுக்குப் பதினாலு வயது. பெற்றோர் பிரிந்த பிறகு, சனிக்கிழமைகளில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு மணி வரை அவள் அப்பாவிடம் இருப்பாள். முதல் ஒரு வருடம் மில்வாக்கியில் இருக்கிற உணவகம் ஒன்றுவிடாமல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, பொரித்த சீஸைப் பேசாமல் தின்று முடித்தார்கள். “ஸ்கூல் எப்படி?” “பரவாயில்ல.” அதற்கு மேல் அவருக்குக் கேள்வி கிடைக்காது. கார்களுக்குக் கண்ணாடி மாற்றும் கடையில் வேலை. அதில் மகளிடம் சொல்ல என்ன இருக்கிறது?

போன கிறிஸ்துமஸுக்கு மாமா டார்ல் அவளுக்கு ஒரு வீடியோ கேம் வாங்கித் தந்தார். பிளாஸ்டிக் கிட்டார், அதன் கழுத்தில் ஐந்து கலர் பட்டன். திரையில் வரும் கலரை ஒரு கையால் அழுத்தி, மறுகையால் விசையைத் தட்டவேண்டும். பாடல்கள் எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்தைய ராக்.

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு நிஜமான பாட்டு இப்படித்தான் போய்ச் சேரணும்” என்று மாமா கேக்கைத் தின்றுகொண்டே அறிவித்தார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், “‘காப்பர் மைல்’னு ஒரு குழு. உங்களுக்குத் தெரியுமாப்பா?” என்று கேட்டாள் கெண்ட்ரா.

லெஸ்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “தெரியுமாவா? அது பெரிய கதை. அடுத்த வாரம் சாவகாசமா சொல்றேன்.”

அடுத்த வாரம் சொன்னார். பாடகருக்குத் திக்குவாய் இருந்தது, இரண்டாவது ஆல்பத்தை மாட்டுக்கொட்டகையில் பதிவு செய்தது, டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனது. அதற்கடுத்த வாரம் இன்னொரு குழு. கெண்ட்ரா ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதிக்கொண்டே வர ஆரம்பித்தாள். ஆறு மணிக்குக் கீழே ஹாரன் அடித்தால்தான் இருவருக்கும் நேரம் தெரியும். அம்மாவின் காரில் ஏறியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ நடனப் பாட்டுக்குத் தோளை ஆட்டியபடி வருவாள்.

மார்ச்சில் அம்மா மார்லாவுக்கு டூசானில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. ஊர் மாறவேண்டும், விமானத்தில் நாலு மணி நேரம்.

“நான் வரல. சனிக்கிழமை போயிடும்” என்றாள் கெண்ட்ரா.

மார்லாவுக்கு நம்ப முடியவில்லை. காய்ச்சல் வந்தால் கண் விழித்தவள் அவள், பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள். இந்த மனுஷன் பழைய பாட்டைச் சொல்லியே பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாரா?

அந்தச் சனிக்கிழமை அவள் ஹாரன் அடிக்கவில்லை. ஐந்தரை மணிக்கே மாடியேறி வந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது, உள்ளே லெஸ்டர் தன் கதையில் மறுபடியும் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

“எந்த வருஷம்னு சொன்ன, லெஸ்?” என்று கேட்டாள் மார்லா.

அவர் பேச்சை நிறுத்தினார்.

“எழுபத்தொன்பதும்மா” என்றாள் கெண்ட்ரா.

“அந்த ஜூலை முழுக்க இவர் சர்ச் ஹால் கல்யாணங்கள்ல தன் சித்தப்பாவோட உட்கார்ந்து அக்கார்டியன் வாசிச்சார். போல்கா டான்ஸ் பாட்டு. நான் பக்கத்துல இருந்தேன். கார் ரேடியோவுல ராக் வந்தா, தலை வலிக்குதுன்னு அணைச்சிடுவார். இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ சொல்றேன்.”

சோபாவுக்குப் பின்னால் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மார்லா எட்டி இழுத்தாள். கெண்ட்ராவிடம் இருப்பது போலவே ஒரு பிளாஸ்டிக் கிட்டார். விசையிருக்கும் இடம் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது.

லெஸ்டர் பிளாஸ்திரி ஒட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“வேலை முடிஞ்சு வந்து தினமும் ரெண்டு மணி நேரம் இந்த கேமை ஆடினேன். மத்ததெல்லாம் லைப்ரரியில படிச்சது.” மகளின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். “நீ அன்னைக்குத்தான் முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு கேட்ட. தெரியாதுன்னு சொல்ல மனசு வரலம்மா.”

“இப்பவாவது அந்தச் சத்தம் பிடிச்சுதா?” என்றாள் மார்லா.

“இல்ல. தலை வலிக்குது.”

மார்லா மகளின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் பாதியாகக் குறைந்திருந்தது. “கேட்டுக்கிட்டியா? இந்தப் பாட்டுக்காகவா டூசான் வரமாட்டேங்கற?”

கெண்ட்ரா அம்மாவின் கையிலிருந்த கிட்டாரை வாங்கிச் சோபாவில் வைத்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பாட்டுக்காகன்னு நான் எப்பம்மா சொன்னேன்? அதைக் கேட்டா எனக்கும்தான் தலை வலிக்குது.”