பேங்க்காரரும் ஜூலியா டீச்சரும்

வாசலில் நின்றவரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் ஜூலியாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அட்டை வரைக்கும் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாரே மனுஷர்.

"பேங்க்லேர்ந்து வர்றேன் மேடம்" என்றார் வந்தவர். உட்காரச் சொன்னாள். உட்கார மாட்டேன் என்றார். அந்த விறைப்பு அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். காக்ஸ் டவுனில் இந்த வீட்டை ஜூலியாவும் அவள் கணவன் எரிக்கும் லீஸுக்கு எடுத்திருந்தார்கள். பெங்களூரு வழக்கப்படி மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஓனர் பச்சைமுத்துவோ வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, தவணை கட்டாமல், போனையும் அணைத்துவிட்டு மறைந்துவிட்டார். போன வாரம் பேங்க்காரர்கள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டைக் கையகப்படுத்த வியாழக்கிழமைக்குள் நேரில் வருவோம் என்று அதில் இருந்தது.

வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். லீஸ் பத்திரம் கடனுக்கு முன்பே முறையாகப் பதிவானது, காலம் முடியும்வரை யாரும் கிளப்ப முடியாது. ஆனால் வருகிறவர்கள் காலி செய்வதாக ஒரு கடிதத்தை நீட்டுவார்கள், அதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. போட்டால் வீடும் போச்சு, கொடுத்த பணமும் போச்சு.

எரிக்குக்குக் கவலையே அதுதான். யுகேஜியில் நாற்பது வாண்டுகளை ஒரே பார்வையில் அடக்குகிற ஜூலியா டீச்சர், கழுத்தில் அட்டை தொங்கும் யாரைக் கண்டாலும் வெலவெலத்துப் போவாள். கையெழுத்துப் போடுங்கள் என்றால், எங்கே என்று மட்டும் கேட்பாள். கேஸ் ஏஜென்சியில் அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தால், யாருக்கும் வேண்டாத அடுப்பு ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பகலில் அவனுக்கு லீவு கிடைக்காது. அதனால் ஓர் ஒத்திகை ஏற்பாடு செய்தான். அவனோடு வேலை பார்க்கும் பெர்னார்ட், தன் சர்ச்சில் ஒவ்வொரு புனித வெள்ளிக்கும் இயேசுவை விசாரித்துத் தண்டிக்கும் பிலாத்து வேஷம் கட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் பேங்க் ஆபீசராக வந்து மிரட்டிப் பார்ப்பார். ஜூலியா அவரைப் பார்த்ததில்லை என்பது இன்னும் வசதி.

"நடுவுல சிரிச்சுக் கெடுத்துடாத, ஜூலி. நிஜம்னே நெனச்சுப் பேசு" என்று எரிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

இதோ செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

வந்தவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். "பதினஞ்சு நாள்ல காலி பண்றோம்னு இதுல ஒரு சைன் ஹாக்கிடுங்க மேடம்." கன்னடத்தைக் கலந்து விட்டதற்குத் தனியாக ஒரு மார்க் போடலாம் என்று ஜூலியா நினைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல நான் படிக்கணும்" என்றாள். வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தாள். நடுவில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் படவே, சிவப்புப் பேனாவால் அதற்கு ஒரு வட்டமும் போட்டாள்.

வந்தவருக்கு முகம் சிவந்தது. போலீஸோடு வந்து பூட்டுப் போட வேண்டியிருக்கும் என்றார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்றாள் ஜூலியா. அவர் ஒரு கணம் திகைத்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

ஜூலியா உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து மேஜையில் விரித்தாள். "ஓனர் லோன் எடுத்த தேதி உங்க நோட்டீஸ்லயே இருக்கு. இது அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரிஜிஸ்டர் ஆனது. இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. அதுவரைக்கும் சொவத்துல எத்தன நோட்டீஸ் வேணா ஒட்டிக்கங்க, கதவுல பூட்டு போட முடியாது."

அவள் குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வந்தவர் பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வெளியே போய் யாரிடமோ கன்னடத்தில் போன் பேசிவிட்டுத் திரும்பியபோது விறைப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டார். பதிவான லீஸ் இருப்பதால் அது முடியும்வரை குடியிருப்பவர்களைக் காலி செய்ய இயலாது என்று தன் அறிக்கையில் எழுதினார். தனக்கும் ஒரு காப்பி வேண்டும், தேதியோடு கையெழுத்தும் வேண்டும் என்றாள் ஜூலியா.

"எங்க மேடம்?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார்.

வாசல் வரை வந்து வழியனுப்பினாள். நன்றாகத்தான் செய்தீர்கள், ஆனால் கடைசியில் கொஞ்சம் சீக்கிரமாக விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று மனதில் பட்டதைச் சொன்னாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, மடமடவென்று குடித்துவிட்டுப் போனார்.

ஜூலியாவுக்கு ஏக சந்தோஷம். இனி நிஜ ஆபீசரே வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம். போனை எடுக்கப் போனாள், அதற்குள் அதுவே அடித்தது.

அவள் வாயைத் திறப்பதற்கு முன் எரிக் முந்திக்கொண்டான்.

"ஜூலி, பெர்னார்டுக்குக் காலையிலேர்ந்து ஜுரமாம், இன்னிக்கு வரலையாம்."