எரியாத மருந்து

"கள்ள மருந்தெல்லோ விக்கிறீங்கள், நானா!"

லோஜினி கொண்டுவந்த மருந்துப் பெட்டியைக் கண்ணாடி மேசையில் ஓங்கி வைத்தாள். வெறும் மட்டைப் பெட்டி; வைத்த வேகத்தில் நசுங்கிப்போனது.

கிண்ணியாப் பாலத்தடிப் பாமசியில் மருந்து வாங்க நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பின்னால் கதிரையில் அவளுடைய அப்பா ஆனந்தராசா வலக்கண்ணைப் பொத்தியபடி இருந்தார். இடக்கண் போய் நாலு வருசம்.

"மெதுவாக் கதைங்க தங்கச்சி. என்ன நடந்த?" என்றார் கடைக்காரர் கலீலுர் றஹ்மான்.

"என்னத்தை மெதுவா? கண்ணுக்குள்ள அழுத்தமெண்டு முதல் தந்த சொட்டு மருந்து, பழுதாகாமல் இருக்கப் போடுற கெமிக்கலால ஒத்துக்கொள்ளேல்லை. கண் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்து எரிஞ்சது. கெமிக்கல் இல்லாததை நீங்கள்தானே கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தந்தனீங்கள்! பத்தே பத்து நாள். இண்டைக்குக் கருவிழியில சீழ். இருக்கிற ஒரு கண்ணும் தப்புமோ தெரியாதெண்டு டொக்டர் கையை விரிக்கிறார்."

அவர்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மருந்து வாங்கிய அன்று பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை அப்பாவுக்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். இவ்வளவு படித்தும் ஒரு கண்ணைக் காப்பாற்ற வக்கில்லையே!

"கெமிக்கல் இல்லாத மருந்த உடைச்சா அண்டைக்கே எறியணும், தங்கச்சி. வெச்சிருந்தா கிருமி புடிச்சிரும். அதுக்குத்தான் ஒரு நாளைக்கு ஒண்டெண்டு முப்பது சின்னக் குழாய்."

"அதெல்லாம் அப்பாவுக்கு நான் சொன்னனான்! என்னை என்ன மடைச்சியெண்டு நினைச்சீங்களோ?"

றஹ்மான் நசுங்கிய பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"பத்து நாள்தானே ஆகுது? அப்ப மிச்சம் இருவது குழாயும் எங்க?"

லோஜினி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

ஆனந்தராசா கண்ணைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

"ஒரு சொட்டு விட்டிட்டு மிச்சத்தை எறியிறதோ பிள்ளை? முதல் நாளே முப்பதையும் உடைச்சு ஒரு போத்தலுக்குள்ள ஊத்தி வைச்சிட்டன்."