இன்னும் ஒரு சந்தேகம்

"சார், எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்."

சைக்கிள் கடைக்காரர் மறுபடி எழுந்ததும் அவர் மனைவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

சுரங்கத்தை விரிவாக்கப் போவதாகக் கம்பெனி கூட்டியிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம். திரையில் படம் போட்டு விளக்கி முடித்த அதிகாரி, "கேள்வி இருக்கா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். இந்த மனுஷன் பிடித்துக்கொண்டார்.

லாரியெல்லாம் என்ன கலர் என்றார். புழுதி எந்தப் பக்கம் பறக்கும் என்றார்.

"காத்து அடிக்கிற பக்கம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பவருக்கு, இங்கே வந்து என்ன கேடு?

"உட்காருங்க, மானம் போகுது!" சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இரு, இரு."

"இதுக்குத்தான் அப்பவே பதில் சொன்னேனே!" அதிகாரி பல்லைக் கடித்தார்.

"காது கொஞ்சம் மந்தம் சார். மறுபடி சொல்லுங்க."

மந்தமா? பக்கத்து வீட்டில் கிசுகிசுத்தாலே அப்படியே ஒப்பிக்கிற காது!

"போதும்ங்க. ஆட்சேபனை இல்லாதவங்க கை தூக்குங்க. எழுதிக்கிட்டுக் கிளம்பலாம்."

நாலைந்து கைகள் எழுந்தன.

"சார், சார்! அந்த முதல் படத்தை இன்னொரு தடவை போடுங்க. சரியாப் புரியல."

"அண்ணே, உங்களுக்குப் புரியறதுக்குள்ள சுரங்கத்துல கரியே தீர்ந்துடும்!" தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் அதிகாரி முதல் படத்தைப் போட்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இனி இந்த மனுஷனோடு எங்கேயும் வருவதில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம் பெண்கள் நுழைந்தார்கள். பள்ளத்துத் தெருக்காரர்கள். துணி ஆலைச் சீருடையைக்கூட மாற்றாமல், மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்கள்.

சைக்கிள் கடைக்காரர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, சந்தேகமெல்லாம் தீர்ந்துடுச்சா?" அதிகாரி எரிச்சலோடு கேட்டார்.

"எனக்கென்ன சார் சந்தேகம்? என் வீடு மேட்டுல பத்திரமா இருக்கு. இடிக்கப் போறது இவங்க வீட்டை. இவங்க ஷிஃப்ட்ல இருக்கிற நேரமாப் பார்த்துக் கூட்டம் போட்டீங்க. இப்ப வந்துட்டாங்க, இனிமே கருத்துக் கேளுங்க!"