சுற்றுச்சூழல் முகூர்த்தம்

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரமே இருந்தது. ஜமுனாமரத்தூர் பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் சொந்தம் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

"சுற்றுச்சூழல் கல்யாணம்னு சொல்லி ஃப்ளெக்ஸ் கூடாதுன்ன, பாட்டு கூடாதுன்ன. பிரியாணிக்குப் பதிலா சாமைச் சோறுன்ன. எவன் மலையேறி வருவான்?" பழனி மகளிடம் குமுறினார்.

"சொந்தக்காரங்க சோத்துக்கா வர்றாங்க, நைனா?" ஷோபனாவின் கண்கள் கலங்கின.

சம்பந்தி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவமானம் தாங்காமல் பழனி, கண்ணமங்கலத்தில் இருக்கும் மச்சான் மோகனுக்குப் போன் போட்டார்.

"இன்னா மச்சான், எங்க மேல கோவமா? தாய்மாமன் நீயே வரலன்னா எப்டி?"

"கோவமா? இன்னிக்கா மாமா கல்யாணம்?"

"தபால்ல பத்திரிகை வரலியா?"

"வந்துச்சி மாமா. உறை மேலயே, ‘உள்ளே விதை இருக்கிறது, அப்படியே மண்ணில் நடவும்’னு பெருசா போட்டிருந்துச்சி. நம்ம சொந்தத்துல எல்லா வூட்லயும் பிரிக்காம உறையோட நட்டுட்டோம். முளைச்சா தேதி தெரியும்னு தெனமும் தண்ணி ஊத்திகினு இருக்கோம்."