கடித்து வைத்த துண்டு

காலையில் தையல் கடைக்குக் கிளம்பும் முன் அவள் ஆப்பிளை நறுக்கி, எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைப்பாள். சாறு பட்ட துண்டுகள் சாயங்காலம் வரை நிறம் மாறாது. கணவர் இருந்தவரை அவள் நறுக்கித் தர, சாற்றில் முக்கி எடுத்து வைப்பது அவர் வேலை. ஒரு துண்டைப் பாதி கடித்துப் பார்த்துவிட்டு, மீதியை டப்பாவிலேயே மேலாக வைத்துவிடுவார்.

"எச்சில் பண்ணி வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"புளிப்பு சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

அவர் இறந்த பிறகும் அவள் இரண்டு பேருக்குத்தான் நறுக்கினாள். கை அப்படிப் பழகிவிட்டது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து டப்பாவைத் திறந்தபோது, மேலிருந்த துண்டு பாதி கடிபட்டிருந்தது. தங்கைக்குப் போன் செய்தாள்.

"எலியா இருக்கும்க்கா."

"ஃபிரிட்ஜைத் திறந்து, டப்பாவைத் திறந்து, தின்னுட்டுத் திரும்ப மூடி வைக்கிற எலியாடி?"

தங்கை சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, "கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்" என்றாள்.

"பாக்கலாம்" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் வேண்டுமென்றே எலுமிச்சை பிழியவில்லை. வெறும் துண்டுகளை டப்பாவில் போட்டுவிட்டு, வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் துண்டுகளெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. மேலிருந்ததில் பாதி இல்லை. பல் பட்ட இடம் மட்டும், இப்போதுதான் கடித்ததுபோல், ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

"இன்னைக்குப் புளிப்பே இல்லைல்ல?" என்று கேட்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடமும் மெல்லப் பழுப்பாகத் தொடங்கியது.