நிழலும் மரம்தான்

மாலை வெயில் பாதி திறந்த ஷெட்டுக் கதவு வழியாக வந்து மரத்தூளின் மேல் படுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், கட்டையைச் சுழலவிட்டுச் செதுக்கும் கடைசல் இயந்திரத்திலிருந்து கட்டையைக் கழற்றி, நடுப்புள்ளிக்கு விரலகலம் தள்ளி வேறொரு புள்ளியில் மாட்டுகிறார். “ஆடாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று பழக்கதோஷத்தில் கட்டையிடம் சொல்லிவிட்டு சுவிட்சைப் போடுகிறார். மையம் விலகிய கட்டை தடதடவென்று சுழல்கிறது. நடுவில் கெட்டியாக ஓர் உருவம். அதை ஒட்டி, வெளிறிய நிழலாக இன்னொன்று. நிழல்தானே என்று உளியை உள்ளே நீட்டுகிறார். உளியின் மேல் படீரென்று அடி விழுகிறது. சுழலும் வேகத்தில் நிழலாகத் தெரிந்த கட்டையின் ஓரம் அது; அந்த நிழலும் மரம்தான். பதறிப்போய் நிறுத்துகிறார். நிழலைக் காணோம், ஒற்றைக் கட்டை மட்டும் நிற்கிறது. சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டுப் பெண் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். “யாரு சார் வந்திருக்காங்க? பேச்சுக்குரல் கேட்டுச்சே!” “யாருமில்லம்மா. கட்டைகிட்டதான் பேசிட்டிருந்தேன்.” அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறாள். அவர் உளியைத் துடைத்து எட்டத்தில் வைக்கிறார். கையில் எதுவும் இல்லாமல் மறுபடி சுவிட்சைப் போடுகிறார். கட்டையின் பக்கத்தில் அந்த நிழல் திரும்ப வந்து நிற்கிறது. “ம், இப்ப மூச்சு விடலாம்” என்கிறார்.